புறங்கையில் பூசிய எண்ணெய்

தலவாக்கலை பஸ் நிலையத்தில் ஓர் ஐஸ்பழக்காரர் இருக்கிறார். சைக்கிள் கைப்பிடியில் சின்ன வெண்கல மணி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார். போன வாரம் அதை ஆட்டிக்கொண்டே என்னைக் கடந்து போனார். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று குறுக்கே ஓடிவர, மணியை உள்ளங்கையால் சட்டென்று அமுக்கிப் பிடித்தார். கிணிங், கிணிங், கி. அவ்வளவுதான். பாதியில் அறுந்த அந்தச் சத்தத்தில் நான் நின்ற இடத்திலேயே குந்திவிட்டேன். ஹட்டன் பஸ் வந்தது, நின்றது, ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. நான் ஏறவில்லை.

மேட்டு லயத்து வரிசை வீடுகளில் என்னோடு மூக்கொழுகத் திரிந்தவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய்க் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி கொழுந்து பறித்தே கிழடானவர்களுக்கு. கொழும்பில் கடை வைத்தவர்களுக்கு. இன்னும் அதே ஒற்றையறைக் காம்பராவில் அதே புகைக்குள் இருமிக்கொண்டிருப்பவர்களுக்கு. நமக்கு ஐம்பது கடந்துவிட்டது. அந்த மழைக்காலத்தை நீங்கள் வேறு மாதிரி நினைவு வைத்திருக்கலாம். நான் பார்த்ததை நான் சொல்கிறேன்.

அந்தச் சத்தம் நம் சாமியாரின் மணியுடையது. சாகக் கிடப்பவருக்கு நன்மை அப்பமும் எண்ணெயும் கொண்டுவரும்போது கோவில் உபதேசியார் அதை ஆட்டிக்கொண்டு முன்னால் நடப்பார். பின்னால் சாமியார், பட்டுப்பை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வழியில் யாரோடும் பேசாமல். சத்தம் கேட்டால் வேதக்காரர்கள், நம் கத்தோலிக்கச் சனம், தேயிலைக்கு நடுவிலேயே முழங்காலிடுவார்கள். மற்றவர்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தலை குனிந்து நிற்பார்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாகூடத் தொப்பியைக் கழற்றுவார். யாருக்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். மணி எந்த லயத்துப் பக்கம் திரும்புகிறது என்று காது மட்டும் கூடவே போகும்.

சாமியார் யாழ்ப்பாணத்தார். நெடிய உருவம், ஒட்டிய கன்னம், வெள்ளை அங்கி முழுக்கச் சுருட்டு வாசம். டவுன் கோவிலுக்கு அவர் மாற்றலாகி வந்தபோது, யாழ்ப்பாணத்துச் சாமி நம்ம காம்பராவுக்குள்ள குனிஞ்சு வருமா, நம்ம கையால தண்ணி வாங்கிக் குடிக்குமா என்று அப்பா முணுமுணுத்தார். அவர் குனிந்துதான் வந்தார். அந்த உயரத்துக்கு நம் வாசலில் வேறு வழியில்லை. வந்து அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி, "தேத்தண்ணி இருக்கோ?" என்றார். அவருடைய பேச்சு நமக்கெல்லாம் வேடிக்கை. அத்தை, அப்பாவின் தங்கச்சி, அவர் படியிறங்கி முடிப்பதற்குள் "ஓம், ஓம், வாறன் பிள்ளை" என்று அப்படியே பேசிக் காட்டுவாள். அவருக்கும் கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்கமாட்டார். தோள் மட்டும் குலுங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் நம்மில் ஒருத்தி (நீ கோத்தகிரியில் இருக்கிறாய், இதைப் படிப்பாய்) அவர் கையைப் பிடித்துத் திருப்பி, சாமி உள்ளங்கை மட்டும் ஏன் இவ்வளவு வெளுப்பு என்று கேட்டாள். நம் அம்மாமாரின் உள்ளங்கை கொழுந்துக் கறையில் கறுத்து வெடித்திருக்குமே, அதனால் கேட்டாள். அவர் இரண்டு கைகளையும் விரித்து நமக்கு முன்னால் நீட்டினார். குருப்பட்டம் கொடுக்கும்போது ஆயரான மேற்றிராணியார் இந்த உள்ளங்கைகளில் எண்ணெய் பூசி, வெள்ளைத் துணியால் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார் என்றார். அந்தத் துணி ஊரில் அவருடைய அம்மாவின் பெட்டியில் இருக்கிறதாம். ஒருமுறை பூசிய இடம் என்பதால், சாகும்போது மற்றவர்களுக்கு உள்ளங்கையில் பூசுகிற எண்ணெயைக் குருக்களுக்கு மட்டும் புறங்கையில் பூசுவார்களாம். "அப்ப ஒங்க உள்ளங்கை சாகாதா சாமி?" என்று கேட்டாள் அவள். இருமல் வரும்வரை சிரித்தார் மனுஷன்.

மாமா, அத்தையின் புருஷன், அந்த வருஷம்தான் தோட்டத்துக்குள் சங்கத்தைக் கொண்டுவந்தார். ஓட்டுரிமையும் போன பிறகு நமக்கென்று இருக்கிறது இது ஒன்றுதான் என்று லயம் லயமாக ஏறி இறங்கினார். பெரிய கங்காணிக்கு அது பொறுக்கவில்லை. பெயர் பதிய, காம்பரா மாற்ற, கல்யாணம் பேச, எல்லாவற்றுக்கும் அவர் காலில் விழுந்த சனம் மாமாவைத் தேடிப் போகத் தொடங்கியிருந்தது. கங்காணியை உங்களுக்கு மறந்திருக்காது. கறுப்புக் கோட்டு, வெள்ளிப்பூண் போட்ட தடி, கோவிலில் முதல் பெஞ்சு. அந்தோனியார் திருநாளுக்குக் கொடியேற்றுகிறவர் அவர்தான்.

ஒரு நாள் காலையில், பேர் கூப்பிடும் பெரட்டுக் கலைந்து எல்லோரும் மலைக்குப் போன பிறகு, கங்காணியின் ஆட்கள் மாமாவை உர ஸ்டோருக்குள் இழுத்துப் போனார்கள். நாம் அதன் பின்பக்கத்து மண்மேட்டில் விளையாடிக்கொண்டிருந்தோம். தொப், தொப் என்று சத்தம் வந்தது. கம்பளியை நனைத்துக் கல்லில் அடித்துத் துவைப்பது போன்ற கனமான சத்தம். உரச் சாக்கை உதறுகிறார்கள் என்று உங்களில் ஒருவன் சொன்னான். அந்தத் தாளத்துக்கு நாம் ஒற்றைக்காலில் குதித்தோம். நாம் குதித்துக் களைத்த பிறகும் அது நிற்கவில்லை.

மத்தியானம் மாமா கல்லுமலை அடிவாரத்தில் கிடந்தார். பாறையில் வழுக்கி விழுந்துவிட்டான் என்றார் டிஸ்பென்சரிக்காரர். கதவுப் பலகையில் தூக்கி வந்தார்கள். மணி ஆடிக்கொண்டு வந்தது. செய்த பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் கேட்க வேண்டும் என்று சாமியார் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். திரும்பக் கூப்பிட்டபோது நான் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். பகலிலும் காம்பராவுக்குள் வெளிச்சம் கிடையாது. அத்தை குப்பி விளக்கை ஏந்திப் பிடித்தாள்.

சாமியார் வெள்ளிச் சிமிழைத் திறந்து பெருவிரலில் எண்ணெயைத் தொட்டார். முதலில் கண். ஒரு கண் பிதுங்கி மூடியிருந்தது. அதன் மேலேயே பூசி, லத்தீனில் ஒருமுறை சொல்லி, அத்தைக்காகத் தமிழிலும் சொன்னார், கண்ணால் செய்த பிழை பொறுத்தருளும் என்று. காது. அதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கி உறைந்திருந்தது. மூக்கு, அது இருந்த இடத்தில் இல்லை. வாய், கீழுதடு பல்லோடு கிழிந்திருந்தது. பிறகு கை. இறுக மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். மணிக்கட்டைச் சுற்றிக் கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்திருந்தது, இரண்டு கையிலும். அவர் விரல் அங்கே நின்றது. பிறகு கால். விளக்கைக் கிட்டக் கொண்டுவரச் சொன்னார். உள்ளங்கால் இரண்டும் கறுத்து வீங்கித் தோல் வெடித்துப் பிளந்து கிடந்தன. மலையில் விழுந்தவனுக்கு உள்ளங்கால் ஏன் வெடிக்கும்? அவர் அதைச் சத்தமாகக் கேட்கவில்லை. அத்தையைப் பார்த்தார். அத்தையும் பார்த்தாள். விளக்கு ஆடியது.

சாயங்காலத்துக்குள் மாமா போய்விட்டார். உடனே புதைக்கச் சொல்லித் தோட்டத் துரை பங்களாவிலிருந்து உத்தரவு வந்தது, புதைத்தார்கள். மறுநாள் சாமியார் நுவரெலியாவுக்குப் போய்ப் பொலிஸில் தான் கண்டதைச் சொன்னார். கோர்ட்டில் விசாரணைக்கு நாள் குறித்தார்களாம். லயத்தில் எல்லோருக்கும் ஒன்று தெரிந்துபோயிற்று. அத்தை சொன்னால் கோர்ட்டில் எடுபடாது. அவள் கூலிக்காரி, எந்த நாட்டுப் பிரஜை என்று அவளுக்கே தெரியாது. வெள்ளை அங்கி சொன்னால் எடுபடும். மாமா வழுக்கி விழவில்லை, கட்டிவைத்து அடித்துக் கொல்லப்பட்டார் என்று உலகத்தில் ஓர் இடத்திலாவது பதிவாக வேண்டுமானால் அந்த ஒரு மனுஷன் அந்த நாள்வரைக்கும் உயிரோடு இருக்க வேண்டும்.

அது கங்காணிக்கும் தெரிந்தது.

முதலில் துரையின் தடை வந்தது. சாமியார் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது, வைத்தால் அத்துமீறல் வழக்கு. சாகப்போகிறவர்களுக்கு எண்ணெய் பூச மட்டும் வரலாம். அதற்கும் கேட்டில் ஆள் பெயரைச் சொல்லிவிட்டு வர வேண்டும். அடுத்த வாரம் நம் தகரக் கோவிலுக்குள் இரும்பு அலவாங்கோடு புகுந்தார்கள். பட்டப்பகல். தகரம் கிழியும் சத்தம் ஸ்டோர் சங்கையும் மீறிக் கேட்டது. அந்தோனியார் சுரூபத்தின் தலையை உடைத்துத் தண்ணீர் ஓடும் கானில் உருட்டிவிட்டார்கள், குழந்தை யேசுவைக் கையோடு பிய்த்தார்கள். உபதேசியார் குறுக்கே விழுந்தார், அவருக்கு இரண்டு பல் போயிற்று. யாரோ குடிகாரப் பசங்க வேலை என்று கங்காணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொழும்பிலிருந்து புதுச் சுரூபம் தருவிக்கிறேன் என்றார். தருவிக்கவும் செய்தார். அதுதான் அந்த மனுஷனிடம் எனக்கு இன்றைக்கும் விளங்காதது.

பூசை இல்லை, ஞானஸ்நானம் இல்லை, ஆறுதலுக்கு ஆள் இல்லை. அப்போதுதான் அத்தை சாகத் தொடங்கினாள்.

முதல் தடவை சாமியார் மழையில் தொப்பலாக நனைந்து, மூச்சு வாங்க ஏறி வந்தார். உபதேசியார் மணியோடு வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே சாகப்போகிறவள் அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சாமியாருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"பொய்யாய்ச் சாகிறது பாவம், பிள்ளை. உது விளையாட்டில்லை."

"பொய்யா சாமி?" அத்தை கீரையைக் கீழே வைக்கவில்லை. "அவரு போனதிலேருந்து நான் எங்க உசுரோட இருக்கேன்?"

அவர் நின்றார். அங்கியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு குந்தினார். தேத்தண்ணி கேட்டார். சிமிழைத் திறக்கவே இல்லை. அன்று பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகு மேட்டு லயத்தில் முறைபோட்டுச் செத்தார்கள். அப்பா ஒருமுறை செத்தார், பாதியில் தும்மிவிட்டார். அத்தையைப் போல யாருக்கும் வராது. கண்ணைச் செருகி, வாயை லேசாகத் திறந்து, கையை விறைக்கவிட்டு அவள் கிடந்தால், வேவு பார்க்க வருகிற கேட்டுக் காவல் வாச்சர்கூடச் சிலுவை போட்டுக்கொள்வார். சாகிறது யாருங்க சாமி என்று கேட்டில் அவர் விசாரிக்கும்போது, பொய் சொல்லத் தெரியாத சாமியார், "சாகாமல் இருக்கப்போறது ஆர், தம்பி?" என்பாராம். வாச்சர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டைத் திறப்பார். சிரித்துச் சிரித்து நமக்கு வயிறு வலிக்கும்.

இதில் வெளியாட்கள் ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். அத்தை சாகக் கிடந்தாள், சாமியார் வந்தார், அத்தை எழுந்து மலைக்குப் போனாள். விவரம் தெரியாத மற்ற லயத்துச் சனம் இதைப் பார்த்துவிட்டு, அந்த எண்ணெய்க்குச் செத்தவரை எழுப்புகிற சக்தி இருக்கிறது என்று பேசத் தொடங்கியது. மாரியம்மன் கோவில் பூசாரியின் பெண்சாதி தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு வந்து, தன் புருஷனின் முட்டிவலிக்கு அதில் ஒரு துளி விட்டுத் தரச்சொல்லி நின்றாள். அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்புச் சாம்பலைத் தொட்டு அவள் நெற்றியில் பூசி அனுப்பினாள்.

சிரிப்பு நெடுநாள் நிற்கவில்லை. கங்காணியின் ஆட்கள் கேட்டருகே காத்திருக்கத் தொடங்கினார்கள். ஒருமுறை துரையின் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அது சாமியாரின் ஆடுசதையைக் கவ்வி உதறியது. இன்னொரு முறை அவர் தலையைப் பிடித்துக் கானுத் தண்ணீருக்குள் அமுக்கினார்கள். கைகால் ஓயும்வரை அமுக்கி, தூக்கி, மறுபடி அமுக்கி. கோர்ட்டுக்குப் போவியா, போவியா என்று ஒவ்வொரு முறை தூக்கும்போதும் கேட்டார்களாம். பதில் சொல்ல அவர் வாயில் சேறுதான் இருந்தது. உதடு நீலம் பாரித்து, பட்டுப்பையை மட்டும் நனையாமல் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு அவர் நம் காம்பராவுக்கு வந்ததைப் பார்த்தேன். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவர் பல் தந்தியடிக்க, "தேத்தண்ணி இருக்கோ?" என்றார். அன்று யாரும் அவர் பேச்சைப் பேசிக் காட்டவில்லை.

அந்தச் சனிக்கிழமை கங்காணி டவுன் கோவிலுக்கு வந்து பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்காலிட்டார். ஈஸ்டருக்கு மட்டும் கூண்டுக்கு வருகிறவர். நாம் புதுநன்மை வாங்கப் படிக்கப் போயிருந்தோம், பெஞ்சிலிருந்து பார்த்தோம். உள்ளே என்ன சொன்னார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வெளியே வந்து படியில் நின்று, தடியைத் தட்டி, தன் ஆட்களைப் பார்த்து அவர் சொன்னது மட்டும் எல்லோருக்கும் கேட்டது. "சாமி வாயப் பூட்டிட்டேன்டா. சாவி ஆண்டவருகிட்ட."

அப்பா வெலவெலத்துப் போனார். கூண்டில் கேட்ட பாவத்தைக் குருவானவர் உயிர் போனாலும் சொல்லக் கூடாது. கங்காணி கணக்குப் போட்டுத்தான் காலை வைத்திருந்தார். அப்பா சாமியாரிடம் போய், இனி உங்களால் ஒன்றும் முடியாது, யாழ்ப்பாணத்துக்கே போய்விடுங்கள் என்று கெஞ்சினார். சாமியார் சுருட்டைப் பற்றவைக்க மூன்று குச்சி கிழித்தார்.

"காதாலை கேட்டது ஒண்டும் எனக்குத் தெரியாது, தம்பி. கண்ணாலை கண்டதுக்குத்தான் கோட்டிலை என்னைக் கூப்பிடுகினம்."

பிறகு லயத்துக்குச் சொல்லியனுப்பினார். வழக்கு நாள் வரைக்கும் ஒருவரும் சாக வேண்டாம். அவர் இனி நேரே கோர்ட்டுக்குத்தான் வருவார். அத்தை சிலுவை தொட்டுச் சரி என்றாள். ஆகவே அந்த வாரம் மேட்டு லயத்தில் எல்லோரும் உயிரோடு இருந்தோம்.

வழக்குக்கு முந்தின நாள். நான் அத்தைக்குத் தேத்தண்ணி கொண்டு மலைக்குப் போயிருந்தேன். தூறல். படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு பெண்கள் தேயிலை நிரையில் நின்றார்கள். அப்போது கீழ் ரோட்டில் மணி கேட்டது. கிணிங், கிணிங். எல்லோரும் நிமிர்ந்தார்கள். யாருக்கு, யாருக்கு என்று நிரையெல்லாம் பேச்சு ஓடியது. அத்தை முதலில் சிரித்தாள். "நான் இங்க நிக்கிறேன். எனக்கு முன்னால எவடி சாகப் போனா?" அதைச் சொல்லி முடிக்குமுன்பே அவள் முகம் மாறியது. அதே நேரம் மணி நின்றது. ஓய்ந்து நிற்கவில்லை, அறுந்து நின்றது. கிணிங், கி.

அத்தை கூடையைக் கழற்றி எறிந்தாள். கொழுந்து சிதறியது. தேயிலைக்குள் புகுந்து ஓடினாள், பின்னால் எல்லாப் பெண்களும், பின்னால் நான். தேயிலைக் குச்சிகள் காலைக் கிழித்தன. அந்தக் கீறல்களின் தழும்பு இன்னும் இருக்கிறது.

நடந்ததை உபதேசியார் பிறகு அழுது அழுது சொன்னார். காலையில் கங்காணியின் ஆள் ஒருவன் மூச்சிரைக்க டவுனுக்கு வந்து, அத்தை பாம்பு தீண்டிச் சாகக் கிடக்கிறாள் என்றிருக்கிறான். நம் குளிரில் பாம்பு ஏது என்று உபதேசியார் காலில் விழுந்திருக்கிறார். சாமியாருக்கும் தெரியும். அங்கியை மாட்டிக்கொண்டே சொன்னாராம்: "பொய்யெண்டால் என்ரை உயிர் போகும். மெய்யெண்டால் அந்தப் பிள்ளை தனியச் சாகும். எது பெரிசு, சொல்லும்." உபதேசியார் மணியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்திருக்கிறார்.

பாலத்துக்குக் கீழே, கானுக்குள் அவர் கிடந்தார். கவ்வாத்துக் கத்தியால் வெட்டி, மண்வெட்டிப் பிடியால் அடித்திருந்தார்கள். கவ்வாத்துக் கத்தி தேயிலைத் தூரை ஒரே வெட்டில் இறக்குகிற கத்தி. தோளில் ஒன்று, விலாவில் ஒன்று, தலையில் சாய்வாக ஒன்று. வெள்ளை அங்கி மார்பிலிருந்து கீழே சிவப்பாகி, தண்ணீர் அதையும் கழுவிக்கொண்டு ரோஸ் நிறத்தில் ஓடியது. உபதேசியார் கால் முறிந்து மேட்டில் கிடந்தார். கம்பளி போர்த்த ஆட்கள் தூரத்தில் மலையேறிப் போய்க்கொண்டிருந்தார்கள், அவசரமில்லாமல், கொந்தரப்பு வேலை முடித்துப் போகிறவர்களைப் போல. மணியைக் காணவில்லை. எத்தனையோ பேர் தேடினார்கள். அது அந்தத் தேயிலைக்குள் எங்கோ நாக்கில் மண் அப்பிக் கிடக்கிறது.

கடைசியில் சொல்ல வேண்டியதை நான் தள்ளிப் போடுகிறேன், தெரிகிறது. முதலில் கோர்ட்டைச் சொல்லிவிடுகிறேன்.

சாமியாரின் அடக்கத்துக்குக் கங்காணி பெரிய மெழுகுவர்த்தி பிடித்து வந்தார், விசும்பி அழுதார். விசாரணை தள்ளிப்போனது. தள்ளிப்போன நாளில் அத்தை நுவரெலியாவுக்கு நடந்தும் லொறியேறியும் போனாள். அப்பா தடுத்தார். பேசினால் நம்மையும் வெட்டுவான், பற்றுச்சீட்டுக் கொடுத்துத் துரத்துவான் என்றார். அவள் போனாள். மொழிபெயர்ப்புக்காரர் சலித்துக்கொள்ள, வக்கீல் சிரிக்க, அவள் சாட்சிக் கூண்டில் நின்று கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று எண்ணெய் பட்ட வரிசையிலேயே சொன்னாள். ஒவ்வொரு இடத்திலும் என்ன இருந்தது என்று. வக்கீல் எவ்வளவு குறுக்கே கேட்டாலும் அவள் திரும்பக் கண்ணிலிருந்து தொடங்கினாள். கடைசியில் வழுக்கி விழுந்து செத்தான் என்பதை அந்தக் கோர்ட் ஏற்கவில்லை. அடிபட்டுச் செத்தான் என்றே எழுதிக்கொண்டது. இரண்டு பேர் உள்ளே போனார்கள். கங்காணி போகவில்லை. கால் விளங்காமல் போகும்வரைக்கும் அவர்தான் கொடியேற்றினார். எங்கள் குடும்பத்துக்கு வேலைநீக்கப் பற்றுச்சீட்டு வந்தது, பட்டிப்பொலப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போனோம். அதனால்தான் உங்களில் பலரை நான் பிறகு பார்க்கவே இல்லை.

இனிக் கானுக்கு வருகிறேன்.

அத்தை தண்ணீருக்குள் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்ததும் அந்த முகத்தில் வந்தது பயமில்லை, வலியில்லை. அவள் சாகவில்லை என்ற நிம்மதி. அவர் பிடியிலிருந்து அத்தை வெள்ளிச் சிமிழை எடுத்தாள். எடுக்கும்போதே மேட்டிலிருந்து உபதேசியார் கத்தினார், பட்டம் பெறாதவர்கள் அதைத் தொடக் கூடாது, பொம்பளை தொடவே கூடாது, பெரிய பாவம் என்று. டவுனிலிருந்து வேறு சாமி வருவதற்குள் உயிர் நிற்காது என்பது அவருக்கும் தெரியும். அத்தை மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள்.

கொழுந்துக் கறை பிடித்த பெருவிரலில் எண்ணெயைத் தொட்டாள். கண்ணில் பூசினாள். "பார்த்ததுக்கு மன்னிச்சிரு ஆண்டவரே." காதில் பூசினாள். "கேட்டதுக்கு மன்னிச்சிரு." மூக்கு. வாய். லத்தீன் இல்லாததால் ஒவ்வொரு இடத்திலும் சற்று நேரம் விரலை அப்படியே வைத்திருந்தாள். பிறகு அவர் வலது கையை எடுத்து உள்ளங்கையை விரித்தாள்.

அந்தக் கை மெதுவாகப் புரண்டு குப்புறக் கவிழ்ந்தது.

வலியில் இழுக்கிறார் என்று நினைத்து அத்தை மறுபடி மல்லாத்தினாள். மறுபடி அது புரண்டது. அவ்வளவு ரத்தம் போன உடம்பில் அதற்கு எங்கிருந்து பலம் வந்ததோ. அத்தை விளங்காமல் நிமிர்ந்து பார்த்தாள். நான் கானுக்கரையில் நின்றேன். எனக்கு விளங்கியது. "பொறங்கையில அத்தே," என்றேன். "சாமிங்களுக்குப் பொறங்கையிலதான்."

உபதேசியார் கத்துவதை நிறுத்தினார். தடை செய்ய வேண்டிய மனுஷனே கையைத் திருப்பிக் கொடுக்கிறாரே. அவர் முறிந்த காலோடு புரண்டு, முகத்தை மண்ணில் வைத்து, சாகிறவர்களுக்கான ஜெபத்தைத் தொடங்கினார். மழைக்குள் பெண்களின் குரல் ஒவ்வொன்றாக அதில் சேர்ந்தது. மாரியம்மன் கோவில் பூசாரியின் பெண்சாதியும் அங்கே நின்றாள், அவளுக்குத் தெரிந்த சொல்லில் ஏதோ சொன்னாள்.

அத்தை புறங்கையில் பூசினாள், இரண்டிலும். செருப்பைக் கழற்றிக் காலில் பூசினாள். எண்ணெய் தீர்ந்தது. பிறகு, எழுப்பிவிடலாம் என்று அவளும் ஒரு நொடி நம்பினாளோ என்னவோ, அவர் தோளைப் பிடித்து உலுக்கி, நாளைக்குக் கோர்ட்டு சாமி, நாளைக்குக் கோர்ட்டு, நீங்க இல்லாட்டி யாரு சொல்லுவா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவர் உதடு அசைந்தது. அத்தை காதைக் கொண்டுபோனாள். நானும் குனிந்தேன். சுருட்டு வாசமும் ரத்த வாசமும் ஒன்றாக வந்தன.

"விளக்குப் பிடிச்சது நீதானே, பிள்ளை. நான் கண்டதெல்லாம் நீயும் கண்டனீ. போய்ச் சொல்லு. இனி நீ சாக வேண்டாம்."